எங்கே நோட்டு

எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் நிவேதா என்று ஒரு பெண் குடியிருக்கிறாள். துவாக்குடியில் ஆராய்ச்சி செய்கிறாள். வாரம் முழுக்க கே.கே. நகருக்கும் துவாக்குடிக்கும் பஸ்ஸில் அலைந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கீழே இறங்கி வந்து என்னோடு காபி குடிப்பாள். என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். எண்பது தாண்டியவளை ஆன்ட்டி என்று கூப்பிடும் பெண்ணிடம் எந்த வாயால் வாடகையை ஏற்றுவது, நீங்களே சொல்லுங்கள்.

போன ஞாயிறு லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்தாள். திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள், அவற்றுக்கு நடுவே மெல்லிய கோடுகள். "இதெல்லாம் என் நோட்ஸ் ஆன்ட்டி. ஒரு நோட்லேர்ந்து இன்னொரு நோட்டுக்கு லிங்க் குடுத்து வெச்சிருக்கேன். இந்தப் புள்ளியத் தொட்டா, அதோட சம்பந்தப்பட்டதெல்லாம் வந்துடும்" என்று தொட்டுக் காட்டினாள். சிமென்ட்டு, துருப்பிடித்த கம்பி என்று என்னவோ விளக்கினாள். அதில் எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஆனால் அந்தக் கோடுகள் புரிந்தன.

"இத நான் அப்பவே பண்ணியிருக்கேன்" என்றேன்.

"கம்ப்யூட்டர்லயா?"

"கோடு போட்ட நோட்டுல."

வயதானவர்கள் எதையாவது சொன்னால் சிரித்து வைப்பார்களே, அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். நானும் விட்டுவிட்டேன். ஆனால் மேஜையில் இருந்த அந்தப் பெட்டி சூடாகி, அதிலிருந்து லேசாக ஒரு வாசனை வந்துகொண்டிருந்தது. சூடான பிளாஸ்டிக், கொஞ்சம் தூசி, கொஞ்சம் கம்பி. அவள் மாடிக்குப் போன பிறகும் அது மூக்கைவிட்டுப் போகவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், டிரங்க் போர்டுக்கு முன்னால் முக்காலி மாதிரியான ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தபோது என்னைச் சுற்றி இருந்த வாசனை அதேதான். என் தலையில் இருந்த மல்லிகையையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெட்செட்டின் பட்டை தலையை அழுத்துவதால் பூவை ஒரு பக்கமாகத்தான் வைக்க முடியும். நாங்கள் பத்துப் பெண்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்த பூவோடுதான் வீட்டுக்குப் போவோம். ஶ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே கேட்பார்: "என்னம்மா, எக்ஸ்சேஞ்சா?"

அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதில் பி.பி. கால் என்று ஒரு வகை. இன்னாரோடுதான் பேச வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று பெயரைச் சொல்லிப் பதிவது. அந்த இன்னார் அந்த நம்பரில் இல்லை என்றால் கால் விவரம் குறிக்கும் சீட்டில், அதற்கு டிக்கெட் என்று பெயர், 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த காலைப் பார்ப்பதுதான் விதி. எனக்கு அந்த இரண்டு வார்த்தைகளை எழுதுவதென்றால் கசப்பு. நானூறு மைலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு மூச்சுவிடுவது எனக்குக் கேட்கும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், ஓர் ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா என்று ரோஷம் வந்துவிடும்.

அப்படித்தான் நோட்டு பிறந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு டெலிபோன் நம்பர். மூன்று இலக்கம்தான், ஊர் அவ்வளவுதான். அதன் கீழே அந்த ஆசாமி எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று நான் பொறுக்கிச் சேர்த்த தகவல். அரிசி மில்காரர் பதினோரு மணிக்கு முடிதிருத்தும் கடையில் இருப்பார். அங்கே போன் கிடையாது, ஆனால் பக்கத்து சைக்கிள் கடையில் உண்டு. ஆகவே 'பார்: 309'. வக்கீல் சனிக்கிழமை மத்தியானம் கிளப்பில் சீட்டாடுவார். கிளப்பில் கேட்டு 'இல்லை' என்று பட்டென்று சொன்னால் இருக்கிறார் என்று அர்த்தம், யோசித்துச் சொன்னால் நிஜமாகவே இல்லை. வக்கீல் மனைவி எடுத்தால் பேச்சை நீட்டுவார், ஜாக்கிரதை. ஶ்ரீரங்கத்து வைத்தியருக்கு ஏகாதசி நாட்களில் கோயிலே கதி. அவருடைய தங்கை போனை எடுப்பாள், ஆனால் எதுவும் சொல்ல மாட்டாள். 'பார்: 166', அது வடக்கு வாசல் பக்கத்துப் பூக்கடை.

உடன் வேலைபார்த்தவர்கள் அதற்கு 'எங்கே நோட்டு' என்று பெயர் வைத்தார்கள். முதலில் கேலிக்கு வைத்த பெயர்தான். ஆறே மாதத்தில், "ஏய், உன் எங்கே நோட்டுல இந்தப் புகையிலைக் கடைக்காரரு இருக்காரா பாரேன்" என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியது. கொஞ்சம் என்பது அடக்கத்துக்காகச் சொல்வது.

மத்தியானம் மூன்று மணிவாக்கில் கால் வந்தால் போர்டில் எரியும் விளக்குகள் குறையும். மற்ற பெண்கள் வாரப் பத்திரிகை படிப்பார்கள். நான் நோட்டைப் பிரித்து ஏதாவது ஒரு பக்கத்தில் ஆரம்பித்து, 'பார்' சொல்லும் இடத்துக்கெல்லாம் போய்ப் பார்ப்பேன். மில்காரரில் ஆரம்பித்தால் சைக்கிள் கடை. சைக்கிள் கடையிலிருந்து தில்லைநகர் இன்ஜினியர். இன்ஜினியரிலிருந்து அவர் வீடு கட்டித்தரும் செருப்புக் கடை முதலாளி. அவரிடமிருந்து திரும்பவும் சைக்கிள் கடை! ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். கலெக்டர் ஆபீசையும் பெரிய ஜவுளிக்கடைகளையும் விட்டுவிட்டு, பதினாலு பக்கங்கள் அந்த சைக்கிள் கடையைத்தான் காட்டின. கடைக்கார பாய் யார் கேட்டாலும் ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு, தெருவில் இறங்கி ஆளைக் கூட்டிவந்துவிடுவார். "அல்லா உங்களுக்கு நல்லது செய்வான்மா, ஒரு நிமிசம் இருங்க" என்பார். ஊர் மலைக்கோட்டையைச் சுற்றித்தான் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாய் கடையைச் சுற்றி இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் சூப்பர்வைசர் மிஸ் மார்கரெட். பொன்மலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. கவுன், முத்துமாலை, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடை. சந்தாதாரர்களைப் பற்றி ஆபரேட்டர் குறிப்பு வைத்திருப்பது விதிப்படி தப்பு. அவர் என் முதுகுக்குப் பின்னால் வரும்போது நோட்டு என் மடிக்குப் போய்விடும். அவருக்குத் தெரியாது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மாசி மாதம், முகூர்த்தங்கள் நிறைந்த வாரம். மத்தியானம் ஒன்றரை மணிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு அர்ஜன்ட் பி.பி. கால். சுந்தரம், வாழைமண்டி, நம்பர் 236. மண்டியில் கணக்கப்பிள்ளை எடுத்து, "முதலாளி வெளில போயிருக்காருங்க, எப்ப வருவார்னு தெரியாதுங்க" என்றார். வழக்கமாக அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் லைனில் இருந்த இளைஞன் வைக்கவில்லை.

"மேடம், வெச்சிடாதீங்க. நான் அவரு மச்சினன். ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன். அக்காவுக்கு வயித்துல கட்டி. சும்மா காட்டலாம்னு கூட்டியாந்தேன், திடீர்னு முறுக்கிக்கிச்சாம். நாளைக்குக் காலைல ஆபரேஷன் பண்ணியே ஆகணுங்கறாங்க. ஆனா புருஷன் கையெழுத்து இல்லாம பண்ண மாட்டாங்களாம்."

"நீங்க போடக்கூடாதா?"

"கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. மாமா இன்னிக்கு ராத்திரி வண்டியப் புடிச்சாத்தான் உண்டு. தந்திகூடக் குடுத்திருக்கேன் மேடம்."

கணக்கப்பிள்ளையைத் திரும்பக் கேட்டேன். தந்தி வந்திருந்தது. முதலாளி பெயருக்கு வந்த தந்தியை நாம் பிரிக்கலாமா என்று ஆணியில் குத்தி வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் பிளக்கைப் பிடுங்கிய வேகத்துக்கு அது உடையாமல் இருந்ததே பெரிது.

நோட்டைத் திறந்தேன். 236, சுந்தரம். 'பிற்பகலில் லாரி ஆபீஸ். பார்: 418.' இதுதான் நான், இதற்குத்தான் நான் என்று 418-ஐ அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"சுந்தரம் சார் இருக்காருங்களா?"

"சார் இப்பதான் டீ குடிக்கப் போனாருங்க. பத்து நிமிஷத்துல வந்துடுவாரு."

மச்சினனிடம், "கெடச்சுட்டார், கவலப்படாதீங்க. லைன் வந்ததும் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் அழுதே விட்டான். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி. நடுவில் இரண்டு தடவை கேட்டேன், இன்னும் வரவில்லை என்றாள். பின்னால் தடதடவென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. லாரி ஆபீசில் இப்படி என்ன சத்தம் என்று எனக்கு ஒரு நொடி உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து சுந்தரம் வந்தார். உங்கள் மனைவி மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் என்று ஆரம்பித்தேன்.

"மேடம், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலயே" என்றது எதிர்க் குரல்.

அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அவர் டைப்ரைட்டிங் மாஸ்டர் சுந்தரம். லாரி ஆபீஸ் ஆறு மாதத்துக்கு முன்னால் இடம் மாறி, வேறு நம்பர் வாங்கிக்கொண்டு போய்விட்டது. 418-ஐ இவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த மாற்றம் எனக்குத் தெரியாததல்ல. லாரி ஆபீசுக்கான பக்கத்தில் நம்பரை நானே அடித்துத் திருத்தியிருந்தேன். அந்தப் பக்கத்தைக் காட்டிய மற்ற பக்கங்களில் திருத்தவில்லை. ஆளைச் சொல்லி 'பார்' என்று எழுதாமல் நம்பரைச் சொல்லி எழுதியது என் முட்டாள்தனம். மணி இரண்டரை. புது நம்பரில் லாரி ஆபீசைக் கூப்பிட்டால், அவர் இந்தப் பக்கமே வரவில்லை என்றார்கள்.

சுந்தரத்தின் பக்கத்தில் வேறு வழி இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இதுவரை இந்த ஆள் யாரைத் தேடிப் போவார் என்றுதான் பார்த்தேன். இவரை யார் தேடி வருவார்கள்? நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன், வேறு எதையும் படிக்காமல் 236 என்ற எண்ணை மட்டும் தேடிக்கொண்டு. போர்டில் மூன்று விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மிஸ் மார்கரெட் எனக்குப் பின்னால் வந்து நின்றார். நான் நோட்டை மறைக்கவில்லை, மறைக்க நேரமில்லை. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, என் விளக்குகளை அவரே எடுக்க ஆரம்பித்தார்.

நோட்டில் பாதி தாண்டியபோது கிடைத்தது. ஶ்ரீரங்கம், கல்யாணச் சமையல் கான்டிராக்டர் ஐயங்கார். 'இலை, வாழைக்காய்க்கு 236.' கூப்பிட்டேன்.

"சுந்தரமா? நாளன்னிக்கு முகூர்த்தம், நூறு தார் வேணும்னு சொல்லியிருந்தேன். ஆள் அனுப்பினா பிஞ்சா வெட்டிண்டு வந்துடறான்னு அவரே கார்த்தால தொட்டியம் போயிருக்கார். ஏம்மா, என்ன விசேஷம்?"

சொன்னேன். "பெருமாளே" என்றார். அப்புறம் குரல் மாறி, மளமளவென்று சொன்னார்: "ஆத்தங்கரைத் தோட்டம். மோட்டார் ஷெட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சிருக்கும். நான் போயிருக்கேன். சீக்கிரம் பாரும்மா."

தொட்டியத்துக்கு என் நோட்டில் பக்கம் கிடையாது. என் உலகம் திருச்சியோடு முடிந்துவிடும். தபால் ஆபீசைப் பிடித்தேன், லைன் இரைச்சலாக இருந்தது. போஸ்ட்மாஸ்டர், "இங்க எல்லாமே வாழத் தோட்டந்தாம்மா" என்றார். பச்சை ஷெட் என்று கத்தினேன். தந்தி கொடுக்கும் ஆளை சைக்கிளில் அனுப்புகிறேன் என்றார். ஆபரேட்டர் செய்தியைத் தன் வாயால் சொல்லக்கூடாது, லைனைத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தந்த பாடம். மெட்ராஸ் லைன் அப்போது கிடைக்கவில்லை. நாலு மணிக்கு மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது.

"சுந்தரம் பேசறேங்க."

"உங்க மனைவி பேரென்ன?" என்று கேட்கத் தோன்றவே இல்லை பாருங்கள். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றுதான் கேட்டேன். மிஸ் மார்கரெட் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் நானே சொன்னேன். "பஸ் இருக்குங்க, போயிடறேன்" என்றார். லைன் போய்விட்டது.

எங்கள் வேலையில் எதற்கும் முடிவு தெரியாது. ஆறு மணிக்கு வேலை முடிந்து காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, எதிரே தொட்டியம் பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டிப் பார்த்தேன். யாரென்றே தெரியாத ஆளை எப்படி அடையாளம் தெரியும்! மறுநாள் மத்தியானம் மெட்ராஸ் ஆபரேட்டர், "உங்க சுந்தரம் மண்டிக்கு கால் புக் பண்ணியிருக்கார்" என்றாள். ஒட்டுக் கேட்கக்கூடாதுதான், கேட்டேன். "நல்லபடியா முடிஞ்சுது, கண்ணு முழிச்சுட்டா" என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். அடுத்த மூச்சில், "ஐயங்காருக்கு நூறு தாரும் போயிடுச்சா?" என்றார். ஹெட்செட்டைக் கழற்றிவைத்துவிட்டு நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பூவன் தாரோடு புருஷனும் பெண்டாட்டியும் எக்ஸ்சேஞ்சுக்கே வந்துவிட்டார்கள். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். அவர் வாசலில் வாட்ச்மேனோடு நின்றுகொண்டார், அந்த அம்மாள் மட்டும் எங்கள் ஓய்வறைக்கு வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மெலிந்து, கன்னம் ஒட்டி, ஆனால் கண் நன்றாகத் தெளிந்திருந்தது. என்னால் பெருமையை அடக்க முடியவில்லை. நோட்டையே எடுத்துவந்து காட்டினேன். இதோ உங்கள் வீட்டுக்காரர், இதோ லாரி ஆபீஸ், இங்கேதான் சறுக்கினேன், இதோ ஐயங்கார், இங்கே பிடித்தேன். அவள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். நன்றாகப் படிக்கத் தெரிந்தவள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள்.

சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். இருக்கும் என்றுதான் புரட்டினேன். இல்லை. அந்த முழு நாளும் அவளுக்காகத்தான் ஊரையே தேடினேன், டிக்கெட்டில் எழுதியதும் வாயில் சொன்னதும் சுந்தரம், சுந்தரம் என்றுதான். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவள் மட்டுமா? நூற்றுச் சொச்சம் பக்கங்களில் பெண்ணுக்கென்று ஒரு பக்கம் கிடையாது. மனைவி எடுத்தால் நீட்டுவாள், தங்கை எடுத்தால் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான். நோட்டை எழுதினவளும் பெண்தான். வெட்கமாகப் போய்விட்டது.

அவள் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. "அதனால என்னங்க" என்றாள். "ஆஸ்பத்திரியில நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். காயிதத்தக் குடுங்க, நானே கையெழுத்துப் போடறேன், என் வயிறுதானேன்னு கேட்டேன். நீங்க போட்டா செல்லாதும்மான்னுட்டாங்க. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸுங்க."

நான் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து, பேனாவை அவள் கையில் கொடுத்தேன். பெயரை நீங்களே எழுதுங்கள் என்றேன். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். செண்பகவல்லி. எழுதி முடித்து, அதன் கீழே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்தும் போட்டாள். மை காயட்டும் என்று வாயால் ஊதினாள்.

தலைப்பில் நம்பர் இல்லாத முதல் பக்கம் அதுதான். பிறகு எழுதிக்கொண்டே போனேன். மருத்துவச்சி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, ஶ்ரீரங்கத்து வைத்தியரின் அந்த ஊமைத் தங்கை. அவள் ஊமை இல்லை, யாரும் அவளுக்கென்று ஒரு போன்கூடப் பண்ணியதில்லை, அவ்வளவுதான். பத்தொன்பது பக்கங்கள் சேர்ந்தன.

வாழைத்தார் வாசனை ஆபீஸ் முழுக்கப் பரவி, மேலதிகாரி என்ன ஏது என்று விசாரித்தார். நோட்டு வெளியே வந்தது. மிஸ் மார்கரெட் கண் சிமிட்டாமல், "அது டிரங்க் ரூம் ரிஜிஸ்டர் சார். நான்தான் வெக்கச் சொன்னேன்" என்றார். அன்றைக்கே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்திலும் ஆபீஸ் முத்திரை குத்தி, பக்க எண் போட்டார். என் வேலை பிழைத்தது. நோட்டு என்னுடையதாக இல்லாமல் போனது.

அறுபதுகளின் நடுவில் ஆட்டோமேட்டிக் வந்தது. எல்லா நம்பரும் மாறின. ஊர்க்காரர்கள் தாங்களே டயல் செய்து, மணி அடித்து, ஆள் இல்லை என்று தாங்களே வைத்துக்கொண்டார்கள். சைக்கிள் கடை பாய் போன் வேண்டாமென்று கனெக்ஷனையே எடுத்துவிட்டாராம். ஐயங்கார் மகனோடு டில்லிக்குப் போனார். மிஸ் மார்கரெட் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். அவர் போவதற்கு முன், பழைய ரிஜிஸ்டர்களை எல்லாம் ஒப்படைத்து அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நோட்டை நான்தான் கட்டோடு சேர்த்துக் கட்டினேன். செண்பகவல்லி எழுதிய அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று விரலை வைத்தும் விட்டேன். பக்க எண் போட்டிருக்கிறதே, குறைந்தால் மிஸ் மார்கரெட்டைக் கேள்வி கேட்பார்களே என்று விரலை எடுத்துவிட்டேன். ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. கட்டோடு அப்படியே அடுப்புக்குப் போனது என்று பிறகு தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் விதியை மீறிச் செய்த எதற்காகவும் வருத்தப்பட்டதில்லை. அன்றைக்கு மீறாமல் விட்டதற்குத்தான் வருத்தப்படுகிறேன். அந்தக் கையெழுத்தை நான் கிழித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.